முற்றிய கல்லீரல் புற்றுநோய்: அடெசோ-பெவ்வா, இரட்டை இம்யூனோதெரபியா, மாத்திரையா?

கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோயைப் பற்றித்தான் இங்கே பேச்சு. குடலிலோ மார்பகத்திலோ தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியது என்றால் அது வேறு நோய், மருந்தும் வேறு, அந்தக் குடும்பத்தினர் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். கல்லீரல் செல்லிலிருந்தே கிளம்பும் கட்டியை ரிப்போர்ட்டில் ஹெச்சிசி என்று மூன்றெழுத்தில் எழுதியிருப்பார்கள். வெட்டி எடுக்க முடியாது, மாற்றுக் கல்லீரலுக்கும் வழியில்லை, ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கட்டியை அடைக்கும் டேஸ் சிகிச்சை செய்தும் திரும்ப வளர்கிறது அல்லது கட்டி, கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள்ளேயே புகுந்துவிட்டது, ஆனால் கல்லீரல் இன்னும் ஓரளவு வேலை செய்கிறது, ஆளும் எழுந்து நடமாடுகிறார் என்ற கட்டத்தில்தான் இந்தக் கேள்வி வருகிறது.

தேர்வுகள் மூன்று வகை. ஒன்று, அடெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபியும் (உடம்பின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் மருந்து) பெவசிசுமாப் என்ற ரத்தக்குழாய்த் தடுப்பு மருந்தும் சேர்ந்த ஜோடி. புற்றுநோய் வார்டுகளில் சுருக்கமாக அடெசோ-பெவ். இரண்டு, ரத்தக்குழாய்ப் பக்கமே போகாமல் நோயெதிர்ப்பின் இரண்டு தடைகளையும் ஒன்றாக விலக்கும் ஜோடிகள்: துர்வாலுமாபுடன் டிரெமெலிமுமாப், அல்லது நிவோலுமாபுடன் இபிலிமுமாப். மூன்று, லென்வாடினிப் அல்லது சோராஃபெனிப் மாத்திரை.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் இங்கேயே சண்டைக்கு வரலாம். எந்த ஜோடி எத்தனை மாதம் கொடுத்தது என்று எண்களை வரிசைப்படுத்தி முடிவெடுப்பது தவறான வழி. நோயாளியின் உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றனவா, அவருடைய நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடுவது பாதுகாப்பா, கல்லீரலில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது, இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் பெரும்பாலும் மருந்து தானாகவே தேர்வாகிவிடும். நான் டாக்டர் இல்லை, இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து வாசிக்கிறவன். ஆகவே கீழே உள்ளதை உங்கள் டாக்டரிடம் கேள்வி கேட்கப் பயன்படுத்துங்கள், அவருக்குப் பதிலாகப் பயன்படுத்தாதீர்கள்.

ரத்தக்குழாயும் நோயெதிர்ப்பும் ஏன் ஒரே பேச்சு

இதைப் புரிந்துகொள்ளாமல் ஒப்பீடு செய்தால் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்த கதையாகிவிடும், அதனால் கொஞ்சம் பொறுமையாக.

ஆரோக்கியமான கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, கால் பங்குதான் தமனி ரத்தம். கல்லீரல் புற்றுக்கட்டி இதைத் தலைகீழாக்கிவிடும். தனக்கென்று புதிய குழாய்களை முளைக்கவைத்து, தமனி ரத்தத்தையே பெரும்பாலும் உறிஞ்சும். சாயம் ஏற்றி மூன்று கட்டமாக சிடி ஸ்கேன் எடுக்கும்போது முதல் கட்டத்தில் கட்டி பளிச்சென்று தெரிந்து அடுத்தடுத்த கட்டங்களில் மங்கிப்போவதற்கு இதுதான் காரணம், அந்த ஒரு அடையாளத்தை வைத்தே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிய நிலை) உள்ளவர்களுக்குப் பல சமயம் பயாப்சி இல்லாமல் நோயை உறுதி செய்கிறார்கள். டேஸ் வேலை செய்வதும் இதே காரணத்தால்தான்: தமனியை அடைத்தால் கட்டி பட்டினி, மற்ற கல்லீரலுக்குப் போர்ட்டல் ரத்தம் இருக்கிறது.

குழாய் முளைக்கவைக்கும் முக்கியமான சமிக்ஞைப் புரதம் விஈஜிஎஃப். கட்டி வேகமாக வளரும்போது நடுவில் ஆக்சிஜன் குறையும், குறைந்ததும் செல்கள் விஈஜிஎஃப் சுரக்கும், அதைப் பார்த்துப் பக்கத்துக் குழாய்கள் கிளைவிடும். கட்டி வளர வேண்டுமானால் ரத்தக்குழாய் வளர்ந்தாக வேண்டும், அதை நிறுத்தினால் கட்டியை நிறுத்தலாம் என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதியபோது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 2004-இல் பெவசிசுமாப் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விஈஜிஎஃப்பைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி அது.

சரி, இதுவரை பட்டினி போடும் கதை. ஆனால் விஈஜிஎஃப்புக்கு இன்னொரு முகம் உண்டு, கல்லீரல் விஷயத்தில் அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. எதிரியை அடையாளம் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்கள் முதிர்வதை அது கெடுக்கிறது. டி செல்கள் என்பவை நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை, அவற்றில் சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தி டி செல்களையும், மைலாய்டு அடக்கி செல்கள் என்ற கும்பலையும் கட்டிக்குள் பெருக்குகிறது. ரத்தத்தில் போகும் டி செல் குழாய்ச் சுவரில் ஒட்டி நின்றால்தான் திசுவுக்குள் இறங்க முடியும், அந்த ஒட்டும் புரதங்களைக் குறைக்கிறது. போதாததற்கு டி செல்லின் மேல் பிடி-1 என்ற சோர்வு அடையாளத்தையும் கூட்டுகிறது. அதாவது குழாயை வளர்க்கும் அதே பொருள் காவல்காரனை வாசலிலேயே தடுத்தும் நிறுத்துகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. கட்டிக்குள் குடியேறும் மேக்ரோபேஜ்கள் தாங்களே விஈஜிஎஃப் சுரக்கும், திசுவைக் கரைத்துக் குழாய்க்கு வழிவிடும் நொதிகளையும் விடும். நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்தவையே கட்டிக்குக் கட்டட வேலை பார்க்கின்றன என்பதுதான் இதில் கொடுமை. 2017-இல் எலிகளின் மார்பகக் கட்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இன்னும் சுவாரசியமானது: டி செல்களைத் தூண்டிவிட்டாலே கட்டியின் குழாய்கள் ஓரளவு சீராகின்றன, குழாய்கள் சீரானால் டி செல்கள் இன்னும் அதிகமாக உள்ளே வருகின்றன. இரண்டில் எதைத் தொட்டாலும் மற்றது அசையும்.

‘சீராகின்றன’ என்று சொன்னேன் இல்லையா, அதற்குப் பின்னால் ராகேஷ் ஜெயின் இருக்கிறார், கான்பூர் ஐஐடியில் கெமிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு பாஸ்டனில் புற்றுநோய் ஆய்வு செய்பவர். கட்டியின் குழாய்கள் அப்ரூவல் இல்லாத மனைப்பிரிவில் போட்ட ரோடு மாதிரி: ஒன்று திடீரென்று முடியும், ஒன்று சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேரும், எங்கும் ஒழுகும். விஈஜிஎஃப்பை அளவாகத் தடுத்தால் குழாய்கள் அழிவதற்கு முன்னால் கொஞ்ச காலம் ஒழுங்காகின்றன, அந்த இடைவெளியில் மருந்தும் நோயெதிர்ப்பு செல்களும் உள்ளே போக முடியும் என்றார் அவர். ரொம்ப அதிகமாகத் தடுத்தால் குழாய்களே இல்லாமல்போய் ஆக்சிஜன் இன்னும் குறைந்து நிலைமை மோசமாகலாம். ஆக, பெவசிசுமாபின் வேலை கட்டியைப் பட்டினி போடுவது மட்டுமல்ல, அடெசோலிசுமாப் எழுப்பிவிடும் டி செல்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் கூட.

இதில் கல்லீரலின் சுபாவமும் சேர்கிறது. குடலிலிருந்து உணவுத் துணுக்கும் பாக்டீரியாத் துணுக்கும் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும் இடம் அது. ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டால் தினமும் காமாலைதான், அதனால் பொறுத்துப்போவது அதன் இயல்பு. ராய் கால்ன் 1969-இல் பன்றிகளுக்கு வேறு பன்றியின் கல்லீரலை மாற்றி வைத்தபோது, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து இல்லாமலேயே பல பன்றிகள் அதை ஏற்றுக்கொண்டன. இந்தச் சாந்த குணம் புற்றுக்கட்டிக்கும் சௌகரியமாகப் போய்விட்டது.

இம்யூனோதெரபியைத் தனியாகக் கொடுத்துப் பார்த்ததில் ஏமாற்றம் வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். செக்மேட் 459 ஆய்வில் நிவோலுமாப் மட்டும் எடுத்தவர்களின் சராசரி ஆயுள் 16.4 மாதம், சோராஃபெனிப் எடுத்தவர்களுக்கு 14.7. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் புள்ளிவிவரக் கணக்கில் நிற்கவில்லை. (இந்தக் கட்டுரையில் சராசரி என்று வரும் இடமெல்லாம் பாதிப் பேர் தாண்டிய காலம் என்று படியுங்கள்.)

அடெசோ-பெவ்

2020 மே மாதம் வெளியான ஐஎம்பிரேவ்150 ஆய்வுதான் களத்தை மாற்றியது. 501 பேர், எல்லோருக்கும் சைல்டு-பியூ ‘ஏ’, அதாவது சிரோசிஸ் இருந்தாலும் கல்லீரல் சமாளித்துக்கொண்டிருக்கும் நிலை. ஒரு வருடம் முடிவில் ஜோடி மருந்து எடுத்தவர்களில் 67.2 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், சோராஃபெனிப் எடுத்தவர்களில் 54.6. பிறகு வந்த கணக்கில் சராசரி 19.2 மாதத்துக்கு 13.4. கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் சுமார் 30 சதவீதம், சோராஃபெனிப்பில் 11. வாழ்க்கைத் தரம் சரியத் தொடங்க எடுத்த காலம் 11.2 மாதத்துக்கு 3.6, எனக்கு இந்தக் கடைசி எண்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பெவசிசுமாப் நிஜமாகவே எதையாவது சேர்க்கிறதா, இல்லை சும்மா கூட வருகிறதா? அதற்கு முந்தைய ஆய்வு ஒன்றில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். அடெசோலிசுமாப் மட்டும் என்றால் நோய் கட்டுக்குள் இருந்த சராசரி காலம் 3.4 மாதம், பெவசிசுமாபும் சேர்ந்தால் 5.6. அப்புறம் அந்த நோயாளிகளின் கட்டித் துண்டுகளை ஆராய்ந்தபோது, கட்டிக்குள் ஏற்கெனவே டி செல்கள் நிறைய இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. பெவசிசுமாபால் கிடைக்கும் கூடுதல் லாபமோ, விஈஜிஎஃப் ஏற்பியும் ஒழுங்குபடுத்தி டி செல்களும் அதிகமாக இருந்த கட்டிகளில் தெரிந்தது. மேலே சொன்ன உயிரியல் வெறும் தியரி இல்லை என்பதற்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த சாட்சி இது. ஆனால் இந்தப் பரிசோதனையை வைத்து இன்று யாரும் மருந்து தேர்வு செய்வதில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவைப் பார்க்கிறார்களே, எங்களுக்கு ஏன் பார்க்கவில்லை என்று கேட்காதீர்கள், கல்லீரலில் அது முடிவை மாற்றாது.

விலை என்ன? பணத்தைச் சொல்லவில்லை, உடம்பு கொடுக்கும் விலை. ஆரோக்கியமான குழாய்களும் தங்களைப் பழுதுபார்க்க விஈஜிஎஃப்பைத்தான் நம்பியிருக்கின்றன. அதைத் தடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், காயம் ஆறாது, ரத்தம் கசியும். சிரோசிஸ் உள்ளவருக்கு போர்ட்டல் சிரையில் அழுத்தம் கூடி உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும், வேரிசஸ் என்பது அதுதான், அது வெடித்தால் வாந்தியில் ரத்தம், நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்து. ஐஎம்பிரேவ்150-இல் மேல்குடல் ரத்தக்கசிவு ஜோடி மருந்துக்காரர்களில் 7 சதவீதம், சோராஃபெனிப்பில் 4.5. அதுவும் எல்லோருக்கும் முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி செய்து, வேரிசஸ் இருந்தால் சிகிச்சை கொடுத்து, அதற்கப்புறம் சேர்த்த ஆய்வில்! எண்டோஸ்கோப்பி பார்க்காமல் பெவசிசுமாப் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். சமீபத்தில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். பல் பிடுங்கும் திட்டம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கும் பெவசிசுமாப் ஏற்றதல்ல.

பெவசிசுமாபைப் பற்றிப் பயமுறுத்திவிட்டேன், ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். பிரச்சினை வந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு அடெசோலிசுமாபைத் தொடரலாம், ஆய்விலேயே அதற்கு இடம் இருந்தது. ஒவ்வொரு மூன்று வாரத்துக்கும் முன் பிபி பார்த்து, சிறுநீர் பார்த்து, இந்தத் தடவை கொடுக்கலாமா என்று யோசிக்க முடிகிறது.

இரட்டை இம்யூனோதெரபி

இங்கே ரத்தக்குழாயைத் தொடுவதே இல்லை. பிடி-1 தடை கட்டிக்குள் இருக்கும் சோர்ந்த டி செல்லின் மேல் வேலை செய்கிறது. சிடிஎல்ஏ-4 தடை அதற்கு முந்திய கட்டத்தில், பெரும்பாலும் நிணநீர் முடிச்சுகளில், டி செல் முதன்முதலாக எதிரியைப் பார்த்துப் பெருகும் நேரத்தில் இருக்கிறது. இந்தத் தடைகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல். இரண்டையும் விலக்கினால் புதிய படையும் கிளம்பும், பழைய படையும் விழிக்கும்.

2022-இல் வெளியான ஹிமாலயா ஆய்வில் டிரெமெலிமுமாபை 300 மில்லிகிராம் என்று ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டு, பிறகு துர்வாலுமாபை நான்கு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தார்கள். ஸ்ட்ரைடு முறை என்று பெயர். சராசரி 16.4 மாதம், சோராஃபெனிப் 13.8. பார்த்தால் அடெசோ-பெவ்வை விட மட்டம் மாதிரி இருக்கிறது. கட்டி சுருங்கியவர்களும் 20 சதவீதம்தான். ஆனால் இதன் பலம் வால்பகுதியில் இருக்கிறது: ஐந்து வருடம் கழித்து ஸ்ட்ரைடு எடுத்தவர்களில் 19.6 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், சோராஃபெனிப்பில் 9.4. முற்றிய கல்லீரல் புற்றுநோயில் ஐந்தில் ஒருவர் ஐந்து வருடம் என்பது 2008-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ரத்தக்கசிவுப் பயமும் குறைவு, எண்டோஸ்கோப்பி கட்டாயமாக இருக்கவில்லை. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், போர்ட்டல் சிரையின் பிரதான தண்டிலேயே கட்டி அடைத்திருந்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை, ஐஎம்பிரேவ்150-இல் அவர்கள் இருந்தார்கள்.

நிவோலுமாப்-இபிலிமுமாப் இன்னும் முரட்டு ஆள். செக்மேட் 9டிடபிள்யூ ஆய்வில் சராசரி 23.7 மாதம், எதிரே மாத்திரை எடுத்தவர்களுக்கு 20.6. கட்டி சுருங்கியவர்கள் 36 சதவீதம், எதிர்ப்பக்கம் 13. 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் தொடக்க சிகிச்சையாகக் கொடுக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த ஆய்வின் வரைபடத்தை நீங்கள் பார்க்க வேண்டும்: முதல் சில மாதங்களில் இரட்டை மருந்து எடுத்தவர்களின் கோடு மாத்திரைக்காரர்களை விடக் கீழே ஓடுகிறது, பிறகுதான் மேலேறுகிறது. மருந்தால் நேர்ந்த இறப்புகளும் 12, சுமார் 4 சதவீதம். ஹை டோஸ் ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்கள் 29 சதவீதம், ஸ்ட்ரைடில் 20. கல்லீரலில் தெம்பு குறைவாக இருப்பவரையோ வயதில் தளர்ந்தவரையோ இதற்குள் தள்ள எனக்கு மனம் வராது.

இம்யூனோதெரபியின் பக்கவிளைவு கீமோ மாதிரி முடி கொட்டி வாந்தி எடுப்பது அல்ல. எழுப்பிவிட்ட படை சொந்த வீட்டையே தாக்குவதுதான் விளைவு. குடலைத் தாக்கினால் நிற்காத வயிற்றுப்போக்கு, கல்லீரலைத் தாக்கினால் என்சைம்கள் எகிறும், நுரையீரல் என்றால் மூச்சிரைப்பு, தைராய்டு என்றால் காரணம் தெரியாத அசதி. இதயத்தசை வீக்கம் அபூர்வம், வந்தால் ஆபத்து. சாதாரண வயிற்றுப்போக்கு என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிப்பது இங்கே கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டும். டிரெமெலிமுமாப் ஒரு தடவை உள்ளே போனால் போனதுதான், பெவசிசுமாபைப் போல அடுத்த தவணையை நிறுத்திப் பார்க்கும் வசதி அதற்கு இல்லை.

மாத்திரைகள்

சோராஃபெனிப்தான் இந்த நோயில் முதன்முதலாக ஆயுளைக் கூட்டிக் காட்டிய மருந்து. 2008-இல் ஷார்ப் ஆய்வு, 10.7 மாதம், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.9. ஆசிய-பசிபிக் நாடுகளில் செய்த ஆய்வில் 6.5-க்கு 4.2. அதுவும் விஈஜிஎஃப் ஏற்பியைத் தடுப்பதுதான், கூடவே வேறு சிலவற்றையும். உள்ளங்கை உள்ளங்கால் தோல் உரிந்து எரியும், அதற்காகவே பலர் நிறுத்திவிடுவார்கள்.

லென்வாடினிப் 2018-இல் ரிஃப்ளெக்ட் ஆய்வில் சோராஃபெனிப்புக்குக் குறைந்ததல்ல என்று நிரூபித்தது, 13.6-க்கு 12.3. கட்டி சுருங்குவதில் தெளிவாக முன்னால். எடை 60 கிலோவோ அதற்கு மேலோ என்றால் 12 மில்லிகிராம், குறைவு என்றால் 8. பிபி ஏறும், பசி போகும், எடை குறையும். வீட்டிலேயே விழுங்கலாம், பிரச்சினை என்றால் நிறுத்திய சில நாளில் உடம்பிலிருந்து போய்விடும்.

இங்கே சோராஃபெனிப்புக்கு நம் ஊர்க் கதை ஒன்று உண்டு. பேயர் நிறுவனம் இதை இந்தியாவில் மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்து, 8,880 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று காப்புரிமைத் தலைமையகம் உத்தரவிட்டது. இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அதுதான். பேயர் மேல்முறையீட்டுக்குப் போனது சென்னையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு, 2013 மார்ச்சில் வாரியம் உரிமத்தை உறுதி செய்தது. மாத்திரைகள் இன்று பல குடும்பங்களின் கைக்கெட்டும் விலையில் இருப்பதற்கு அந்தச் சண்டைக்கு ஒரு பங்கு உண்டு.

எண்களை ஒப்பிடும்போது ஒரு பொறி

23.7, 19.2, 16.4 என்று வரிசைப்படுத்தி முதலாவதே சிறந்தது என்று சொல்லத் தோன்றும். செய்யாதீர்கள். ஒரே சோராஃபெனிப் 2008-இல் 10.7 மாதம் கொடுத்தது, ஐஎம்பிரேவ்150-இல் 13.4, ஹிமாலயாவில் 13.8, செக்மேட் 459-இல் 14.7. மருந்து மாறவில்லை, சேர்த்த ஆட்கள் மாறினார்கள், அடுத்தடுத்த மருந்துகள் வந்தன. லென்வாடினிப்பும் அப்படியே, 2018-இல் 13.6 மாதம் என்றிருந்தது லீப்-002 ஆய்வில் 19 மாதம் ஆனது. நிவோலுமாப்-இபிலிமுமாப் ஆய்வில் எதிர்ப்பக்கம் இருந்தவர்களில் பெரும்பாலோர் லென்வாடினிப் எடுத்தவர்கள், அவர்களே 20.6 மாதம் தொட்டார்கள். இந்த மூன்று ஜோடிகளையும் ஒரே ஆய்வில் நேருக்கு நேர் நிறுத்திச் சோதித்து அந்த எண்கள் வரவில்லை.

ரத்தக்குழாய்த் தடுப்பையும் இம்யூனோதெரபியையும் எப்படிக் கலந்தாலும் வெற்றி என்றும் நினைக்க வேண்டாம். லென்வாடினிப்புடன் பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தது லென்வாடினிப் தனியாக இருந்ததைத் தெளிவாக வெல்லவில்லை. கபோசான்டினிப்புடன் அடெசோலிசுமாப் சேர்த்ததில் ஆயுள் துளியும் கூடவில்லை, 15.4 மாதம், எதிரே சோராஃபெனிப்புக்கு 15.5. கேம்ரெலிசுமாப்-ரிவோசெரானிப் ஜோடியோ 22.1-க்கு 15.2 என்று சோராஃபெனிப்பை வென்றது. உயிரியல் அழகாக இருந்தால் போதாது, எந்த மருந்து, எந்த அளவு, எதிரே யார் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு வருகிறது. அறுவை முடிந்தபின் திரும்ப வராமல் தடுக்க அடெசோ-பெவ் போட்டுப் பார்த்தார்கள், முதலில் நம்பிக்கை கொடுத்தது, நீண்ட நாள் பார்த்ததும் பலன் மங்கிவிட்டது. ஆபரேஷன் ஆனவர்கள் இதைப் படித்துவிட்டு எங்களுக்கும் போடுங்கள் என்று கேட்க வேண்டாம்.

யாருக்கு எது

எண்டோஸ்கோப்பியில் வேரிசஸ் இல்லை, அல்லது சிறியது, அல்லது பேண்டிங் போட்டு (வீங்கிய குழாயை ரப்பர் வளையத்தால் கட்டி) சரிசெய்தாயிற்று, பிபி கட்டுக்குள், சிறுநீரில் புரதம் இல்லை என்றால் நான் அடெசோ-பெவ் பக்கம்தான். கட்டி பெரிதாக இருந்து சீக்கிரம் சுருங்க வேண்டிய நிலையிலும், போர்ட்டல் சிரையின் தண்டு அடைபட்ட நிலையிலும் என் சாய்வு இன்னும் கூடும்.

போன மாதம்தான் ரத்த வாந்தி எடுத்தார், பேண்டிங் போட்டும் மிச்சம் இருக்கிறது, அல்லது மாரடைப்பு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது என்றால் ஸ்ட்ரைடு. அது கிடைக்காத இடத்தில் துர்வாலுமாப் மட்டும் கொடுப்பதும் கெட்ட யோசனை அல்ல, ஹிமாலயாவிலேயே தனி துர்வாலுமாப் சோராஃபெனிப்புக்குக் குறையவில்லை, பக்கவிளைவும் குறைவு.

ஏற்கெனவே மாற்றுக் கல்லீரல் வைத்து அதில் நோய் திரும்பியவர் என்றால் இம்யூனோதெரபி வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ஆபத்து, எழுப்பிவிட்ட டி செல்கள் வைத்த கல்லீரலையே நிராகரித்துவிடலாம். அவர்களுக்கு மாத்திரைதான். கடுமையான ஆட்டோ இம்யூன் நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே, தைராய்டு அல்லது சின்ன அளவிலான தோல்நோய் என்றால் பேசிப் பார்க்கலாம்.

ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் எந்த ஊசிக்கு முன்பும் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் தொடங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வைரஸ் கிளம்பிக் கல்லீரலைச் சாய்த்துவிடும். சர்க்கரை நோய், உடல் பருமனோடு வந்த கொழுப்புக் கல்லீரலில் புற்று வந்தவர்களுக்கு இம்யூனோதெரபி எடுபடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. 2021-இல் எலிகளிலும் மனிதர்களிலும் செய்த ஆய்விலிருந்து கிளம்பியது அது, கொழுப்பு அழற்சி உள்ள கல்லீரலில் இருக்கும் பிடி-1 டி செல்கள் கட்டியை விட்டுவிட்டுக் கல்லீரலையே காயப்படுத்துகின்றன என்று. ஐஎம்பிரேவ்150-இலும் வைரஸ் இல்லாதவர்களுக்கு சோராஃபெனிப்பை விடக் கூடுதல் லாபம் தெரியவில்லை. ஹிமாலயாவில் வைரஸ் இல்லாதவர்களுக்கும் லாபம் தெரிந்தது. இதை வைத்து ஒருவருக்கு இம்யூனோதெரபியை மறுப்பது நியாயமில்லை என்பது என் எண்ணம், ஆனால் பணமும் இடிக்கிறது என்றால் இந்தக் குழுவில் லென்வாடினிப்போடு தொடங்குவதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

பணம் பற்றி மூடி மறைப்பதில் அர்த்தமில்லை. இம்யூனோதெரபி ஊசிகள் லட்சக்கணக்கில் போகும், மாதாமாதம். பெவசிசுமாபுக்கு இந்திய நிறுவனங்களின் பயோசிமிலர்கள் (கிட்டத்தட்ட அதே மாதிரியான மாற்றுத் தயாரிப்புகள்) இருப்பதால் அந்தப் பாதி மட்டும் மலிவு. நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்களில் இத்தனை ஊசி வாங்கினால் மிச்சம் இலவசம் என்ற மாதிரி ஏற்பாடுகள் உண்டு, முதல் ஊசிக்கு முன்பே அதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நிலத்தை விற்று நான்கு ஊசி போட்டுவிட்டு ஐந்தாவதற்கு வழியில்லாமல் நிற்பதை விட, தொடர்ந்து எடுக்க முடிகிற மாத்திரை மேல் என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் உங்களைக் கைகழுவுகிறார் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று, கீழாநெல்லி. நம் வீடுகளில் காமாலை என்றாலே அதுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு 1988-இல் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வில் ஹெபடைட்டிஸ் பி வைரஸைத் தாங்கியிருப்பவர்களுக்கு அது பலன் தந்ததாக வந்தது, பின்னால் மற்ற இடங்களில் செய்தபோது அப்படி வரவில்லை. புற்றுநோய்க்கு அது மருந்தல்ல. நான் இங்கே அதை எடுப்பது வேறு காரணத்துக்காக: இம்யூனோதெரபி ஓடும்போது கல்லீரல் என்சைம் ஏறினால் அது மருந்தின் தாக்குதலா, வைரஸா, குடித்த கஷாயமா என்று டாக்டர் பிரித்தறிய வேண்டியிருக்கும், மறைத்தால் தேவையில்லாமல் ஸ்டீராய்டு ஏறும் அல்லது நல்ல மருந்து நின்றுபோகும். என்ன குடித்தாலும் சொல்லிவிடுங்கள், திட்டினால் திட்டட்டும்.

தொடங்கியபின் முதல் ஸ்கேன் இரண்டு மூன்று மாதத்துக்குள் வரும். அதில் கட்டியின் அளவை மட்டும் பார்க்காமல் கல்லீரலின் தெம்பைக் காட்டும் ஆல்புமினும் பிலிருபினும் எங்கே நிற்கின்றன, வயிற்றில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள், ஏனென்றால் அடுத்த மருந்துக்குப் போக முடியுமா என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. அடெசோ-பெவ் கைவிட்டால் லென்வாடினிப் அல்லது சோராஃபெனிப் என்று அடுத்த படி இருக்கிறது, ஆனால் சைல்டு-பியூ ‘ஏ’விலிருந்து சரிந்து ‘சி’ வரை போய்விட்டால் எந்தப் புற்று மருந்தும் நன்மையை விடத் தீமையே அதிகம் செய்யும். அதனால் கட்டி தெளிவாக வளர்ந்திருக்கிறது என்றால், இன்னும் இரண்டு ஊசி பார்க்கலாமே என்று இழுக்காமல், கல்லீரல் தாங்கும்போதே மாறிவிடுவதைப் பற்றி அன்றைக்கே பேசுங்கள்.